வயதைச் சொல்ல ஆதாரைக் கொடுக்க வேண்டுமா?

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 41, மென்பொருள் துறையில் வேலை. வீட்டுக் கணினியில் லினக்ஸ், கைப்பேசியில் கூகுள் சேவைகள் இல்லாத லீனியேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளம். குழந்தைகளுக்கான தமிழ் எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்றை எழுதிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டிருக்கிறார். இரண்டு பள்ளிகளின் கணினி ஆய்வகத்தில் அது ஓடுகிறது. மதிப்பெண் பட்டியலுக்காக மாணவர்களின் பெயரும் வகுப்பும் இவர் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் சேர்கின்றன.

நிரலாளர்கள் கூடும் வெளிநாட்டு அரட்டைச் சேவை ஒன்றில் இவருக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு உண்டு. சென்ற மாதம் திடீரென்று 'வயதை உறுதிசெய்யுங்கள்' என்று திரை வந்து நின்றிருக்கிறது. செல்ஃபி எடுக்கப் போனால் 'இந்தக் கருவி ஆதரிக்கப்படவில்லை' என்று மறுத்துவிட்டது. அவசரத்தில் ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து ஏற்றிவிட்டார். அன்றிரவு முதல் தூக்கமில்லை என்கிறார். 'தமிழ்நாட்டில் ஆதார் கட்டாயமாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மையா? விபிஎன் போட்டுத் தப்பிக்கலாமா? அலுவலக வேலைக்காக லண்டன் சர்வர் வழியாக ஒரு விபிஎன் ஏற்கெனவே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 14 வயது மகளுக்கு மனைவியின் பிறந்த தேதியைப் போட்டுக் கணக்குத் தொடங்கினோம், அது தவறா? கலிஃபோர்னியா சட்டத்தால் இனி லினக்ஸ் நிறுவும்போதே வயது கேட்பார்களாமே? 200 கோடி அபராதம் என்கிறார்களே, என் செயலியை இழுத்து மூடிவிடட்டுமா?' இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

செயலியை மூட வேண்டாம். அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆதார் விஷயம்தான் அவசரம். அதற்கும் முன்னால், அந்தத் திரை உங்களிடம் ஏன் வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்து சர்வர் வழியாக அனுப்பும் வழி. உங்களுடையது லண்டனில் போய் வெளியே வருகிறது. அரட்டைச் சேவையின் கண்ணுக்கு நீங்கள் வேளச்சேரிக்காரர் இல்லை, பிரிட்டனில் இருப்பவர். அங்கே 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபாசப் படங்களும் சிறுவர்களுக்குக் கேடான வேறு சில உள்ளடக்கங்களும் இருக்கும் சேவைகள் 2025 ஜூலை 25 முதல் பயனரின் வயதை நம்பகமாக உறுதிசெய்தாக வேண்டும். பெட்டியில் டிக் போட்டு 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று சொன்னால் போதாது. எதிலிருந்து தப்ப விபிஎன் உதவும் என்று நினைத்தீர்களோ, அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாலும் அந்த விபிஎன்தான். அதை அணைத்துவிட்டு நுழைந்து பாருங்கள். அப்போதும் திரை வந்தால், அந்த நிறுவனம் சட்டம் கேட்காத நாடுகளிலும் சொந்த முடிவாக வயது கேட்கிறது என்று பொருள்.

இந்தியாவில் சாதாரண மனிதர் விபிஎன் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு விபிஎன் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது: வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காமல் சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. வயதுச் சோதனையை ஏமாற்ற விபிஎன் போட்டால் அந்தச் சேவையின் நிபந்தனையை மீறியதாகும், கணக்கு போகலாம். இலவச விபிஎன் பக்கம் மட்டும் போகாதீர்கள். அடையாள அட்டையைக் காப்பாற்றப் போய் மொத்த இணையப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பதாகிவிடும்.

இந்தியாவில் இன்று சட்டம் எங்கே நிற்கிறது

உங்கள் நண்பர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதார் கட்டாயமானது பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு. 2025 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணைய விதிமுறைகள் 18 வயதுக்குக் கீழானவர்களைத் தடுத்தன, ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கேட்டன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை நிறுத்தின. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அரட்டைச் சேவைக்கோ சமூக ஊடகத்துக்கோ இவற்றில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உங்கள் நண்பர்கள் செய்தியில் பார்த்த இன்னொன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கருத்தாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதே மாதம் மதுரைக் கிளை, அதைப் போன்றதொரு சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. அது யோசனை, சட்டமாகிவிடாது. அந்த ஆஸ்திரேலியச் சட்டத்திலேயே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாக நிறுவனங்கள் கேட்கக் கூடாது, மாற்று வழி கொடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் இப்படியொரு சட்டம் வருமானால் நாம் முதலில் கேட்க வேண்டிய பிரிவு அதுதான்.

நமக்கு உண்மையில் பொருந்துவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். 9ஆவது பிரிவின்படி, குழந்தையின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. இந்தக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி விதிகளில் இருக்கிறது. கடமை நிறுவனத்தின் தலையில்தான். 'வயது வந்த ஒவ்வொருவரும் ஆதார் காட்டு' என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் யார் குழந்தை என்று தெரிந்துகொள்ள எல்லோரையும் கேட்டால்தான் ஆயிற்று என்று நிறுவனங்கள் நினைக்கும் ஆபத்து இருக்கிறது. என் கவலை அதுதான். 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அந்த உரிமை பெரியவர்களுக்கும் உண்டு.

சினிமா தியேட்டரில் 'ஏ' சான்றிதழ் படத்துக்கு வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார், சந்தேகம் இருந்தால் அட்டையைக் கேட்பார். அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். இணையத்தில் நடப்பது ஜெராக்ஸ். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் உதவியைப் பார்த்துக்கொண்ட வெளி நிறுவனத்திலிருந்து தரவு கசிந்தபோது, சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. வயது தொடர்பான முறையீட்டுக்காக மக்கள் அனுப்பிய படங்கள் அவை.

ஏற்றிய ஆதாருக்கு இப்போது செய்ய வேண்டியது

முதலில் அந்தச் சேவையின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்து, அடையாளப் படத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், எந்த வெளி நிறுவனம் சரிபார்க்கிறது என்ற இரண்டு விவரங்களையும் தேடுங்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரு நிறுவனங்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள்: இன்ன தேதியில் ஏற்றிய படத்தை அழியுங்கள், அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யுங்கள், வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் சொல்லுங்கள். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நீக்கக் கோரும் உரிமை நம் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 12ஆவது பிரிவில் இருக்கிறது, ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இன்றைக்கு உங்கள் பிடி அவர்கள் கொள்கையில் அவர்களே கொடுத்திருக்கும் வாக்குதான். பலவீனமான பிடிதான், இருந்தாலும் எழுதிவையுங்கள். பின்னால் கசிவு நேர்ந்தால் அந்தக் கடிதம் பேசும்.

அடுத்தது ஆதார் பக்கம். மைஆதார் தளத்தில் நுழைந்து பயோமெட்ரிக் பூட்டைப் போடுங்கள். கைரேகை, கருவிழி, முகம் வழியாக யாரும் உங்கள் பெயரில் சரிபார்க்க முடியாது. நீங்களே சிம் வாங்கப் போனாலும் தற்காலிகமாகத் திறந்துதான் ஆக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதே தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்ற இடத்தில் கடந்த 6 மாதப் பதிவுகளைப் பார்க்கலாம். தெரியாத பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்குப் பேசுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். ஒன்றை இப்போதும், இன்னொன்றை நாலு மாதம் கழித்தும் வாங்கிப் பாருங்கள். பணம் போனதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள்.

இனி கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால்

ஆதார் சட்டத்தின் 8ஏ பிரிவு, ஆஃப்லைன் முறையில் சரிபார்ப்பவர் உங்கள் ஆதார் எண்ணையோ பயோமெட்ரிக் விவரத்தையோ சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது என்கிறது. எனவே முழு எண்ணைக் காட்ட வேண்டிய தேவை கிடையாது. மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு' என்பதைத் தேர்ந்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் அட்டை கிடைக்கும். திறக்கும் கடவுச்சொல் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அடுத்துப் பிறந்த ஆண்டு.

பலரும் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முகவரியைக் கறுப்பால் மறைத்துவிட்டு கியூஆர் கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள்ளேயே பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, சின்னப் படம் எல்லாம் இருக்கின்றன. அதைப் படிக்கும் செயலி இருந்தால் யாரும் படித்துவிடலாம். வயது மட்டும் கேட்கிறவருக்கு அட்டையை அனுப்பும்போது கியூஆரையும் சேர்த்து மறையுங்கள். இன்னொன்று, பிடிஎஃப் கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் கீழே எழுத்து அப்படியே கிடக்கும். சுட்டியால் இழுத்து நகலெடுத்தால் வந்துவிடும். லிப்ரே ஆஃபீஸின் கருவிகள் பட்டியலில் உள்ள ரிடாக்ட் வசதி, எழுத்துகளைப் படமாக்கிவிட்டுத்தான் பிடிஎஃப் தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். கிம்ப் என்ற பட மென்பொருளில் செய்வதானால் அடுக்குகளைத் தட்டையாக்கிப் பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் இடமும் நேரமும் ஒட்டியிருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு துடைத்துவிடுங்கள். படத்தின் குறுக்கே 'இன்ன சேவைக்கு வயதுச் சரிபார்ப்புக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள், முகத்தின் மேலும் எழுத்து ஓடட்டும். இப்படி அனுப்பினால் சில சேவைகள் நிராகரிக்கும். நிராகரித்தால் உங்களிடம் இன்னொரு முடிவு இருக்கிறது: அந்தச் சேவை இவ்வளவுக்கும் தகுதியானதா என்று யோசித்து வெளியேறுவது. நிரலாளர் குழுவாக இருந்தால் மேட்ரிக்ஸ், ஐஆர்சி போன்ற திறந்த அரட்டை அமைப்புகளுக்கு எல்லோரையும் அழைத்துப் பாருங்கள்.

வேறொருவர் அட்டையை ஏற்றுவது மட்டும் வேண்டாம். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஆள்மாறாட்டத்தைத் தடுக்கிறது, 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; அதுவும் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். போலியாக அட்டை தயாரித்தால் அது குற்றவியல் வழக்கு.

கூகுள் இல்லாத கைப்பேசி

உங்கள் செல்ஃபி மறுக்கப்பட்டதற்கும் உங்கள் முகத்துக்கும் தொடர்பில்லை. இப்படிப்பட்ட பல செயலிகள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்கின்றன. கைப்பேசியில் இருக்கும் இயங்குதளம் கூகுள் சான்றளித்ததுதானா என்று அது பார்க்கும். பூட்லோடர் (கைப்பேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) பூட்டப்படாமல் திறந்திருந்தால் பெரும்பாலும் தோல்விதான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் வெளியிட்ட வயதுச் சரிபார்ப்புச் செயலியின் மாதிரி திறந்த மூல நிரல். '18க்கு மேல்' என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லாத நல்ல வடிவமைப்பு. அதிலும் இந்தக் கூகுள் சோதனை சேர்க்கப்படவிருந்ததால்தான் கட்டற்ற மென்பொருள் பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பு நியாயமானது. தன் கருவியில் என்ன ஓட வேண்டும் என்று தானே முடிவு செய்கிற ஒருவருக்கு, தனக்கு 41 வயது என்று நிரூபிக்கும் வழி மறுக்கப்படக் கூடாது.

இப்போதைக்கு, செயலி மறுத்தால் கணினியின் உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் அங்கே இந்தச் சோதனை இருக்காது. டிஜிலாக்கரையும் உலாவியிலேயே பயன்படுத்தலாம். பூட்லோடரை மறுபடி பூட்டிப் பார்க்காதீர்கள். லீனியேஜ் இருக்கும் பல கைப்பேசிகளில் அப்படிப் பூட்டினால் கருவி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மகளின் கணக்கு

நீங்களும் உங்கள் மனைவியும் தீய நோக்கத்தில் செய்யவில்லை. எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். ஆனால் இழப்பு மகளுக்கு. பெரியவர் என்று பதிந்த கணக்குக்கு முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரம் வரும், சட்டம் குழந்தைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு எதுவும் ஒட்டாது. பிறந்த தேதியைத் திருத்துவதற்கு முன் அவளுடைய படங்களையும் உரையாடல்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில சேவைகள் திருத்தியவுடன் கணக்கை முடக்கிவிடும். 2027க்குப் பிறகு பெற்றோர் ஒப்புதல் கேட்டால், தரவுப் பாதுகாப்பு விதிகளின் விதி 10இன்படி வழிகள் இவை: அந்தச் சேவையிடம் உங்களைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் நம்பகமான விவரம், நீங்களே விரும்பித் தரும் வயது, அடையாள விவரம், அல்லது டிஜிலாக்கர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு அந்த விவரத்துக்குப் பதிலாகத் தரும் டோக்கன் என்ற மின்னணுக் குறியீடு. டோக்கனைத் தேர்ந்தெடுங்கள். மகளின் ஆதாரை எங்கும் ஏற்ற வேண்டாம்.

லினக்ஸும் கலிஃபோர்னியாவும்

நீங்கள் கேள்விப்பட்டது 2025 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 1043 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டம். 2027 ஜனவரி 1 முதல், இயங்குதளம் வழங்குபவர்கள் கணக்கு அமைக்கும்போது வயதையோ பிறந்த தேதியையோ கேட்டு, 13க்குக் கீழ், 13 முதல் 15, 16-17, 18க்கு மேல் என்ற நான்கு பிரிவில் எது என்பதை மட்டும் செயலிகளுக்குச் சொல்ல வேண்டும். அட்டை, செல்ஃபி எதுவும் கேட்கச் சொல்லவில்லை. சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மீறினால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே மீறினால் 7,500 வரை. வழக்குப் போடும் அதிகாரம் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமே.

அடையாள அட்டையை ஒவ்வொரு தளத்துக்கும் அனுப்புவதைவிட இந்த வடிவம் எவ்வளவோ மேல். சிக்கல் வேறிடத்தில். 'இயங்குதளத்தை உருவாக்குபவர், உரிமம் வழங்குபவர், கட்டுப்படுத்துபவர்' என்று சட்டம் அகலமாகச் சொல்வதால், சம்பளமில்லாமல் ஒரு லினக்ஸ் வழங்கலைத் தொகுப்பவரும் ஆப்பிளும் ஒரே வலைக்குள் வந்துவிடுகிறார்கள். சென்னையில் இருந்து மென்பொருள் எழுதும் உங்கள் மீது கலிஃபோர்னியா கை நீட்டுவது நடைமுறையில் வெகு தூரம். நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் தலைமைக் குழு என்ன முடிவெடுக்கிறது என்பதைப் பின்பற்றினால் போதும். நிறுவும்போது வயது கேட்டால் பதற வேண்டாம். பதில் எந்தக் கோப்பில் சேர்கிறது, எந்தச் செயலி படிக்கிறது என்று நிரலைத் திறந்து பார்க்க உங்களால் முடியும். அந்தத் தகவல் கணினியை விட்டு வெளியே போகிறதா என்பதையும், கருவிச் சான்று (பிளே இன்டெக்ரிட்டி போன்ற சோதனை) என்ற நிபந்தனை பின்னால் ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் கவனித்து வாருங்கள். எதிர்க்க வேண்டியவை அவை இரண்டும்தான்.

உங்கள் செயலியும் 200 கோடியும்

200 கோடி ரூபாய் என்பது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு. 33ஆவது பிரிவின்படி மீறலின் தீவிரம், எவ்வளவு காலம் நடந்தது, என்ன வகைத் தரவு, லாபம் கிடைத்ததா, சரிசெய்ய முயன்றார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள்.

நிரலை எழுதி வெளியிடுவதால் மட்டும் நீங்கள் தரவைக் கையாளுபவர் ஆகிவிடுவதில்லை. பிரச்சினை அந்த வாடகை சர்வர். குழந்தைகளின் பெயரையும் வகுப்பையும் எதற்காக, எப்படிச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் நீங்கள். ஆகவே அங்கே கடமை உங்களுடையது. 'உத்தரவாதம் இல்லை' என்ற உரிம வாசகம் இதற்குக் கேடயமாகாது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளின் நான்காம் அட்டவணையில் ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது தன் கல்விப் பணிக்காகப் பின்தொடரும் பள்ளிக்கு. உங்களுக்குத் தானாகக் கிடைக்காது.

எனவே சர்வரை விட்டு வெளியே வாருங்கள். மதிப்பெண் பட்டியல் ஆய்வகக் கணினியிலேயே, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் இருக்கட்டும். பெயருக்குப் பதில் ஆசிரியர் கொடுக்கும் இருக்கை எண் போதும். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் ஆசிரியர் நோட்டில் இருந்தால் போதும். வகுப்புகளை ஒப்பிடும் பட்டியல் வேண்டுமென்றால் பள்ளியே தன் ஆய்வகத்துக்குள் சர்வரை நடத்தட்டும், தலைமையாசிரியரிடம் அதை எழுத்தில் வாங்குங்கள். செயலிக்குள் சேர்த்திருக்கும் வெளி நூலகங்களை ஒருமுறை அலசுங்கள். செயலி முடங்கும்போது அறிக்கை அனுப்பும் நூலகங்கள் கருவியின் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். குழந்தைகள் செயலியில் அது இருக்கவே கூடாது. பழைய தரவை அழிக்கும் முன் இரு பள்ளிகளுக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு, சர்வர் நிறுவனம் எடுத்துவைத்திருக்கும் பேக்கப்புகளையும் சேர்த்து அழியுங்கள். அழித்த தேதியை எழுதி இரு தலைமையாசிரியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு உங்கள் செயலி எந்தக் குழந்தையின் வயதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பதிப்பைத் தைரியமாக வெளியிடுங்கள்.